மழையே இல்லை, அருவியில் ஏன் தடை? திற்பரப்பும் உலக்கை அருவியும் இரண்டு கதைகள்

"திற்பரப்பு அருவியில் சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை" என்ற செய்தி குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பலமுறை வருகிறது. வெயில் காயும் நாளிலும் சில நேரம் தடை தொடர்கிறது. நம்பி வந்த வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று கேள்வி கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், அழகியபாண்டியபுரத்தை அடுத்த காட்டுக்குள் இருக்கும் உலக்கை அருவிக்கு ஏன் நினைத்தபடி போக முடியவில்லை என்ற கேள்வியும் ஓயாமல் எழுகிறது. நம் ஊர் அருவிதானே, நாம் போகக் கூடாதா என்று கேட்பவர்களின் வருத்தம் நியாயமானது.

இந்த இரண்டு தடைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல். முதலாவது ஆளின் உயிரைக் காக்கப் போடும் தற்காலிகத் தடை. அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து வரும், போகும். இரண்டாவது காட்டைக் காக்கும் நிரந்தரக் கட்டுப்பாடு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு அதற்கு உண்டு. இரண்டும் எங்கே பிரிகின்றன, எங்கே மறுபடி சேர்கின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

அருவி எப்படி உண்டாகிறது

குமரி மாவட்டத்தின் மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. இங்கே அடியில் கிடப்பது சார்னோக்கைட், கோண்டலைட் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய தன்மையை அடைந்தவை. மிகக் கடினமானவை. ஆறு இவற்றை எளிதில் அரிக்க முடியாது.

ஆனால் எல்லா இடத்திலும் பாறை ஒரே உறுதியோடு இருப்பதில்லை. வெடிப்பும் விரிசலும் ஓடும் இடத்தில் நீர் புகுந்து பாறையைச் சிதைக்கிறது. விரிசல் இல்லாத இடம் அப்படியே நிற்கிறது. சிதைந்த பகுதி தாழ்ந்து, உறுதியான பகுதி படியாக மிஞ்சுகிறது. அந்தப் படியிலிருந்து நீர் விழுந்தால் அருவி. பாறை இவ்வளவு கடினமாக இருப்பதால் அருவி பின்னோக்கி நகர்வது மிக மெதுவாக நடக்கும். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அருவிக்கரையில் கோயில் கட்டியவர்கள் பார்த்த பாறையைத்தான் கிட்டத்தட்ட நாமும் பார்க்கிறோம்.

மலையில் சிதைந்த பாறைத் துகள் வீணாவதில்லை. ஆறுகளும் கடலலைகளும் பல லட்சம் ஆண்டுகள் அதைச் சலித்துக் கரையில் சேர்த்ததுதான் மணவாளக்குறிச்சியின் கனிம மணல். அதில் கிடைக்கும் இல்மனைட், மோனசைட், கார்னெட் எல்லாம் இந்த மாதிரிப் பாறைகளிலிருந்து வந்தவை. மலையும் கடற்கரையும் வேறு வேறு விஷயம் என்று நினைக்கும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

மழை எங்கே பெய்கிறது

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குமரிக்கு இரண்டு பருவமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இடையில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் இடியோடு வரும்.

ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே அளவு பெய்வதில்லை. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறி, குளிர்ந்து, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தப்பிச் செல்லும் காற்று அந்தப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, மழை தருவதில்லை. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மழைக்காடும் முள்காடும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நாளிதழில் வரும் மழை அளவுப் பட்டியலைப் பாருங்கள். பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, சுருளகோடு, களியல், கொட்டாரம், மயிலாடி என்று நீளும். சமவெளியில் இருக்கும் கொட்டாரத்திலும் மயிலாடியிலும் ஒன்றுமில்லாத நாளில் மலையில் இருக்கும் பாலமோரில் பல சென்டிமீட்டர் பதிவாகியிருக்கும். அருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் உங்கள் ஊர் மழையைப் பார்க்க வேண்டாம். பாலமோர், பேச்சிப்பாறை எண்களைப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 கோடி லிட்டர். நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது பல பத்துச் சதுர கிலோமீட்டர்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால், எங்கே மழை விழுந்தாலும் சரிந்து வந்து ஒரே ஆற்றில் சேரும் மொத்த நிலப்பரப்பு. அருவி அந்த மொத்தப் பரப்பின் வாய்.

திற்பரப்பு: அணைக்குக் கீழே விழும் அருவி

திற்பரப்பில் விழுவது கோதையாறு. சுமார் 50 அடி உயரம். அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் அளவுக்கு ஆற்றின் படுகை ஒரே பாறையாகப் பரந்து கிடக்கிறது. அதன் மேல்முனையில் வயல்களுக்கு நீர் திருப்பக் கட்டிய தடுப்பணை. பாறை அகலமாகப் பரந்திருப்பதால் நீரும் பரந்து, பல கிளைகளாக விழுகிறது. உயரம் குறைவு, அகலம் அதிகம் என்பதால் முதியவர்களும் குழந்தைகளும் அஞ்சாமல் நிற்க முடிகிறது. 'குமரிக் குற்றாலம்' என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

கரையில் மகாதேவர் கோயில். சிவராத்திரிக்கு "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கிக்கொண்டு பன்னிரு சிவாலயங்களுக்கும் ஓடும் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது கோயில். முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி கடந்து, இங்கே நீராடிவிட்டு திருநந்திக்கரைக்கு ஓடுவார்கள். அருவியைச் சுற்றுலாத் தலமாக அறிவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் இதைத் தீர்த்தமாக அறிந்திருந்தார்கள்.

இந்த ஆற்றின் போக்கை மாற்றியது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். பணியை நடத்திய பொறியாளர் மிஞ்சின் பெயரை அந்தப் பகுதி விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அணையின் கொள்ளளவு மட்டம் 48 அடி. பின்னர் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை (77 அடி), சிற்றாறு அணைகள் இரண்டு என்று சேர்ந்து கோதையாறு பாசனத் திட்டமாக விரிந்தது. பறளியாற்றின் பள்ளத்தாக்கைத் தாண்டி நீரைக் கொண்டு செல்லத்தான் 115 அடி உயரத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் எழும்பியது.

1970-களின் தொடக்கத்தில் மேலே இன்னொரு அடுக்கு வந்தது. கோதையாறு நீர்மின் நிலையங்கள். மேல் கோதையாறு அணையின் நீர் முதல் மின்நிலையத்தில் (60 மெகாவாட்) விழுந்து, கீழ் கோதையாறு அணையில் தேங்கி, இரண்டாவது நிலையத்தில் (40 மெகாவாட்) மறுபடி விழுந்து, பேச்சிப்பாறைக்கு வருகிறது. மேல் கோதையாறுக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை வழியாகச் சுற்ற வேண்டும். 2023 ஜூனில், ஊர்களுக்குள் புகுந்து பழகிய அரிக்கொம்பன் யானையை அந்தப் பக்கத்துக் காட்டில் விட்டபோது பேச்சிப்பாறை ஊர்கள் பதறியது ஏன் என்பதற்கு இதுவே விடை. வரைபடத்தில் வேறு மாவட்டமாகத் தெரிந்தாலும் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே காடு, ஒரே நீர்.

தடை போடும் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். திற்பரப்பில் வெயில், ஆனாலும் தடை. காரணங்கள் இந்த வரிசையில் வருகின்றன:

1. மலையில் பெய்த மழை ஓடைகள் வழியே இறங்கி அணைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அணை அதைப் பிடித்துவைப்பதால் திற்பரப்பில் உடனே எதுவும் தெரியாது.

2. ஜூன் மாதம் கன்னிப்பூ என்ற முதல் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறப்பது வழக்கம். பின்னர் இரண்டாம் பருவமான கும்பப்பூ. இந்தப் பாசன நீர் கால்வாய்களில் போகிறது, ஆற்றில் அல்ல. ஆகவே "அணை திறப்பு" என்ற செய்தி வந்தாலே அருவியில் வெள்ளம் என்று பொருளில்லை.

3. நீர்மட்டம் 40 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அடுத்த மழைக்கு இடம் வைக்க வேண்டும். மறுகால் (அணையின் உபரிநீர் வெளியேறும் வழி) வழியே உபரிநீரை ஆற்றில் விடுவார்கள். அது நேராகத் திற்பரப்புக்கு வருகிறது.

4. உபரிநீரைத் திறக்கும் நேரத்தைத் திற்பரப்பின் வானிலை தீர்மானிப்பதில்லை. முந்தைய நாள் இரவு மலையில் பெய்த மழையும் அணைக்கு வரும் நீர்வரத்தும் தீர்மானிக்கின்றன. மழை நின்று, வெயில் வந்த பிறகுதான் பல நேரம் மறுகால் பாயும்.

5. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். விநாடிக்கு ஆயிரம் கனஅடி திறந்தால் விநாடிக்கு 28,000 லிட்டர். ஒரு நிமிடத்துக்கு முன் முழங்கால் அளவு நீர் இருந்த பாறையில் இது வந்தால் யாராலும் நிற்க முடியாது.

அணை இருக்கும் அருவியில் ஒரு நன்மையும் உண்டு. எப்போது திறக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடவும் முடியும். அணையில்லாத அருவியில் அந்த வசதி இல்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. மேலே கோடை மழை கொட்டியது கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சில நொடிகளை நினைத்தால், வெயில் நாளில் தடை போடுகிறார்கள் என்று கோபப்படுவதை விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அருவியின் நுழைவாயிலில் "தடை" என்று மட்டும் எழுதிவைப்பது போதாது. அன்றைய அணை மட்டம், நீர்வரத்து, வெளியேற்றும் அளவு ஆகிய மூன்று எண்களையும் எழுதிவைத்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்த எண்கள் நாள்தோறும் பத்திரிகைகளுக்குப் போகின்றன. பயணிகளுக்கும் போகட்டும்.

உலக்கை அருவி: அணையில்லா நீர்

நாஞ்சில் நாட்டின் வடக்கு விளிம்பில், தோவாளை வட்டத்தில் இருக்கிறது அழகியபாண்டியபுரம். அதற்குப் பின்னால் எழும் மலைக்காட்டுக்குள் உலக்கை அருவி. உலக்கையை நிறுத்தியதுபோல் ஒரே தாரையாக விழுவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். வாகனம் அருவிவரை போகாது. காப்புக்காட்டுக்குள் நடந்துதான் போக வேண்டும்.

இந்த அருவியின் சிறப்பு உயரத்தில் இல்லை. கோடையிலும் இதில் நீர் இருக்கிறது. மேலே எந்த அணையும் சேர்த்துவைத்துத் திறந்துவிடவில்லை. மழை நின்று வாரக்கணக்காகிவிட்டது. அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது?

காட்டின் மண்ணிலிருந்து. பசுமைமாறாக் காட்டில் மழைத்துளி நேராகத் தரையில் அடிப்பதில்லை. உயர்ந்த மரங்களின் இலைப்பரப்பு, அதன் கீழே நடுத்தர மரங்கள், புதர்கள், கடைசியில் உதிர்ந்து மட்கிய இலைப்படுக்கை என்று நான்கைந்து அடுக்குகளில் வேகம் இழந்து இறங்குகிறது. வேர்கள் துளைத்த மண்ணில் புகுந்து, சிதைந்த பாறையின் விரிசல்களில் தேங்குகிறது. பிறகு ஊற்றாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. ஜூலையில் விழுந்த மழையின் ஒரு பங்கு பிப்ரவரியில் அருவியாக விழக்கூடும்.

இலைப்படுக்கை போய்விட்டால் இந்த ஏற்பாடு குலைகிறது. மழைக்காலத்தில் நீர் மண்ணோடு சேர்ந்து செம்மண் நிறத்தில் பாய்ந்து ஓடிவிடும். கோடையில் பாறை வறண்டு நிற்கும். ஆண்டு முழுவதும் விழும் மொத்த நீரில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும், அது வரும் காலம் மாறிவிடும். விவசாயிக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் காலம்தான் முக்கியம்.

கீரிப்பாறைப் பக்கம் இருக்கும் வட்டப்பாறை அருவி, காளிகேசம் ஓடை ஆகியவற்றுக்கும் இதே விளக்கம் பொருந்தும். காளிகேசத்தில் வனத்துறை அனுமதியோடு பயணிகள் வருகிறார்கள். ஒரு பகுதியைத் திறந்து, மற்றதைக் காட்டுக்கே விட்டுவைக்கும் இந்த முறை சரியானது என்றே கருதுகிறேன்.

காப்புக்காடு ஆன கதை

இந்தக் காடு எப்போதும் காக்கப்பட்டது என்று நினைத்தால் தவறு. 1860-களில் இந்தத் தென்கோடி மலைகளின் ஒரு பகுதியான அசம்பு மலைகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். இலங்கையில் 1869-இல் தோன்றிய காப்பி இலைத்துரு நோய் இங்கும் பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. மரத்துக்காகவும் காடு சுரண்டப்பட்டது.

திருவிதாங்கூர் அரசு 1893-இல் வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொல்லம் ஆண்டு 1068-இன் இரண்டாம் ஒழுங்குவிதி என்று பழைய ஆவணங்களில் இதைக் காணலாம். அந்தக் காலத்தில் தொடங்கிய நடைமுறையில்தான் வீரப்புலி, அசம்பு, கீழமலை, மகேந்திரகிரி, பொய்கைமலை, தாடகைமலை, வேளிமலை போன்ற காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பேச்சிப்பாறை அணை கட்டத் தொடங்கியது 1897. காட்டை வரையறுத்ததும் ஆற்றை மறித்ததும் ஒரே காலத்தில், ஒரே அரசின் கையால் நடந்தன. மேலே காடு நின்றால்தான் கீழே அணை மண் மூடாமல் இருக்கும்.

1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தபோது இந்தக் காடுகளும் தமிழ்நாடு வனத்துறைக்கு வந்தன. 1960-களில் அரசே ரப்பர் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. அவற்றை நிர்வகிக்க 1984-இல் அரசு ரப்பர் கழகம் வந்தது. ரப்பர் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரப்பர் தோட்டம் காடு ஆகாது. ஒரே வயது, ஒரே இனம், ஒரே உயரம். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் முதல் சில ஆண்டுகளில், இடையே கைதச்சக்கை (அன்னாசி) போடும்போது, சரிவில் மண் திறந்து கிடக்கிறது. அந்த ஆண்டுகளின் மழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகும் என்பதை ஓடைகளின் நிறமே சொல்லும்.

பிறகு பாதுகாப்பு ஒவ்வொரு படியாக இறுகியது. மாவட்டத்தின் காடுகளில் பெரும்பகுதி, 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல், கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2001-இல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஆகஸ்டில் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. குமரி, திருநெல்வேலிக் காடுகள் இரண்டும் அதில் அடக்கம். யானை, புலி, மிளா, காட்டெருமை, கருமந்தி, இருவாச்சி எல்லாம் இந்த மலைகளில் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

1. காப்புக்காடு: வனச் சட்டத்தின்கீழ் எல்லை வரையறுக்கப்பட்ட அரசுக் காடு. வெளிப்படையாக அனுமதித்தவை தவிர மற்ற செயல்கள் அங்கே குற்றம். அனுமதியின்றி நுழைவதும் அதில் சேரும்.

2. சரணாலயம்: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பிரிவு 27 நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. பிரிவு 28 ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்றவற்றுக்கு அனுமதிச் சீட்டு வழங்க இடம் தருகிறது. ஆகவே சட்டம் எல்லாரையும் எப்போதைக்குமாக வெளியே நிறுத்தவில்லை. அனுமதி பெற்று வரச் சொல்கிறது.

3. பிரிவு 29: இதைப் பலர் கவனிப்பதில்லை. சரணாலயத்துக்குள் வரும் நீரையோ, அதிலிருந்து வெளியே போகும் நீரையோ அனுமதியின்றித் திருப்பவோ, நிறுத்தவோ, கூட்டவோ கூடாது. ஓடும் நீருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

4. காணி மக்களின் உரிமை: பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளில் தலைமுறைகளாக வாழும் காணிக்காரர்களை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. வாழிடம், சாகுபடி, காட்டுப் பொருள் சேகரிப்பு ஆகியவற்றில் அவர்களுக்கு உரிமை உண்டு. சுற்றுலாப் பயணிக்குப் போட்ட கட்டுப்பாட்டை அவர்கள்மீது சுமத்துவது சட்டப்படியும் நியாயப்படியும் தவறு.

மூன்றாவது அம்சத்துக்கு ஒரு உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை அருவிகளின் நீரைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைப்பதை எதிர்த்த வழக்கில், அத்தகைய விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. அருவியைக் காப்பது என்றால் பயணி குப்பை போடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த உத்தரவைக் கவனிக்க வேண்டும். நீரின் பாதையை மேலே மாற்றிவிட்டால், கீழே எத்தனை தூய்மைப் பணி செய்தாலும் பயனில்லை.

இரண்டு தடைகளும் சேரும் இடம்

திற்பரப்பின் தற்காலிகத் தடைக்கும் உலக்கை அருவிக் காட்டின் நிரந்தரக் கட்டுப்பாட்டுக்கும் உறவு இதுதான்: மலைக்காடு எவ்வளவு நலமாக நிற்கிறதோ, அவ்வளவுக்கு அணைக்கு வரும் நீர் சீராகும், மறுகாலைத் திடீரெனத் திறக்க வேண்டிய தேவை குறையும். கடும் மழையைக் காடு முழுவதுமாகத் தடுத்துவிடாது. 2021 நவம்பரில் கொட்டியது போன்ற மழையில் மண் நிரம்பியபின் எல்லா நீரும் வழிந்துதான் ஓடும். அப்போது நாகர்கோவில், திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது, ஊர்கள் மூழ்கின. ஆனால் அதற்குக் கீழ்ப்பட்ட, அடிக்கடி வரும் மழைகளில் காடு செய்யும் வேலைக்கு மாற்றாக எந்தக் கட்டுமானமும் இல்லை.

காட்டுக்கும் அடி விழுகிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் கடலில் எத்தனையோ மீனவர்களைப் பலிகொண்டதை மாவட்டம் மறக்காது. அன்று மலையிலும் பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன, ரப்பர் தோட்டங்கள் அழிந்தன. தோட்டத்தில் மறுநடவு செய்து ஏழெட்டு ஆண்டில் பால் வெட்டலாம். சாய்ந்த காட்டு மரத்தின் இடம் நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அந்த இடைவெளியில் ஆள் நடமாட்டமும் தீயும் மேய்ச்சலும் இல்லாமல் இருப்பதே பெரிய உதவி. கட்டுப்பாட்டை இறுக்கமாக வைத்திருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

பயணிகள் நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. திற்பரப்புக்குப் புறப்படும் முன் பேச்சிப்பாறை மட்டத்தையும் முந்தைய நாள் பாலமோர் மழையையும் பாருங்கள். மட்டம் 40 அடிக்கு வெகு கீழே இருந்து மலையில் மழையும் இல்லையென்றால் பெரும்பாலும் தடை இருக்காது. உலக்கை அருவி, வட்டப்பாறை, காளிகேசம் ஆகியவற்றுக்கு வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி இல்லையென்றால் வேறு பாதை வழியாக உள்ளே நுழைய முயலாதீர்கள். அந்த ஓடைகளுக்கு மேலே எச்சரிக்கை மணி அடிக்க யாரும் இல்லை.